வரி தந்த அவகாசம்: பஞ்சு பொம்மைத் தொழிலுக்கு ஒரு திட்டம்

பெங்களூரின் பொம்மசந்திராவில் நின்று தொழில் திட்டமிடலைப் பற்றிப் பேசினால் மருந்து, மின்னணு, இயந்திர உதிரிபாகம் என்றுதான் பேச்சு போகும். பயோகான் போன்ற நிறுவனங்கள் வளர்ந்த மண் இது, அது இயல்புதான். நான் எடுத்துக்கொண்டிருப்பது பார்வைக்குச் சிறிய பொருள்: துணியை வெட்டித் தைத்து, பஞ்சடைத்து, கண்ணும் மூக்கும் வைத்துக் கடைக்கு அனுப்பும் பொம்மை. கடைக்காரர்கள் சாஃப்ட் டாய் என்பார்கள். வீட்டில் டெடி என்போம். இதை உள்நாட்டில் செய்து விற்பவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எப்படித் திட்டமிட வேண்டும் என்பதே என் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று இந்தத் தொழிலைப் பெருமளவு தாங்கி நிற்பது இறக்குமதி வரி. அது என்றென்றும் இருக்கும் என்று நம்பிப் போடும் கணக்கைத் திட்டம் என்று சொல்ல முடியாது. வரி குறைந்துபோனாலும் நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டு, அதை இப்போதே வளர்க்கத் தொடங்க வேண்டும். அப்படி மிஞ்சக்கூடியவை மூன்று: சோதனையில் தேறிய நம்பகம், நிலைத்து நிற்கும் தையல் கைகள், நமக்கே சொந்தமான உருவங்கள்.

இந்த வரி வந்த வழியைப் பார்த்தாலே அது எவ்வளவு அசையக்கூடியது என்று புரியும். இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தொகுதியை 2001 ஏப்ரலில் இந்தியா நீக்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் சீன பொம்மைகள் நம் கடைத்தெருக்களை நிறைத்தன. 2009 ஜனவரியில் மத்திய அரசு அவற்றுக்கு ஆறு மாதத் தடை விதித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், பாதுகாப்புச் சான்று உள்ளவை வரலாம் என்று தளர்த்தியது. 2019-இல் இந்தியத் தர மன்றம் இறக்குமதி பொம்மைகளின் மாதிரிகளைச் சோதித்ததில் 66.9 சதவீதம் தேறவில்லை. 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது. அதே மாதம் 25-ஆம் தேதி பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை வெளியானது. 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்றானது. 2023 பட்ஜெட்டில் வரி 70 சதவீதத்தைத் தொட்டது. பலனும் கண்ணுக்குத் தெரிந்தது. அரசுக் கணக்கின்படி 2014-15-இல் 33.25 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2022-23-இல் 15.87 கோடி டாலராகக் குறைந்தது. ஏற்றுமதி 9.62 கோடி டாலரிலிருந்து 32.57 கோடி டாலராக உயர்ந்தது. இந்த எண்கள் எல்லா வகை பொம்மைகளுக்கும் சேர்த்தவை என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பஞ்சு பொம்மைக்காரரும் இதில் படித்துக்கொள்ளலாம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. துறைமுகத்துக்கு 100 ரூபாய் விலையில் வந்து இறங்கும் பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிற வரிகளை விட்டுவிடுவோம். 20 சதவீத வரியில் அது 120 ரூபாய். 70 சதவீத வரியில் 170 ரூபாய். அதே தரத்தில் இங்கே ஒருவர் பொம்மை செய்து 155 ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்றால் இன்று அவர் போட்டியில் வென்றவர். வரி பழையபடி 20-க்குப் போனால் மறுநாளே தோற்றவர். இடைப்பட்ட அந்த 50 ரூபாயை உண்டாக்கியது அவருடைய தையலோ வடிவமைப்போ கிடையாது. தில்லியில் போட்ட ஒரு கையெழுத்து. எனவே எந்தப் பொம்மைத் தொழிற்சாலையின் திட்ட ஏட்டிலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நம் ஒவ்வொரு பொம்மையின் விலையிலும் எவ்வளவு வரியால் நிற்கிறது, எவ்வளவு நம்மால் நிற்கிறது? இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டாவது கொட்டகை கட்டுவதும், கடனில் இயந்திரம் வாங்குவதும் ஆபத்தான துணிச்சல்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். வரி ஏறிக்கொண்டேதானே இருக்கிறது, 2025 பட்ஜெட்டில்கூட இந்தியாவை உலகப் பொம்மை மையமாக்குவோம் என்று நிதியமைச்சர் அறிவித்தாரே, அரசு இந்தத் தொழிலைக் கைவிடுமா என்று கேட்பார்கள். கைவிடும் என்று நான் சொல்லவில்லை. அரசின் கணக்கில் பொம்மை மட்டும் இல்லை என்றுதான் சொல்கிறேன். 2025 நவம்பரில் செயற்கை இழை, பாலிமர் முதலிய மூலப்பொருள்களுக்கான பல தரக்கட்டுப்பாட்டு ஆணைகளை அரசு திரும்பப் பெற்றது. அவை நிலைக்கும் என்று நம்பி முதலீடு செய்தவர்களும், அவை போக வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களும் ஒரே நாட்டுத் தொழில்முனைவோர்தான். வணிக ஒப்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்தாகும் காலம் இது. ஒவ்வொரு மேசையிலும் ஏதாவது ஒரு பொருளின் வரி விட்டுக்கொடுக்கப்படுகிறது. வரி எந்த ஆண்டு குறையும் என்று ஆரூடம் சொல்வது திட்டமிடுபவரின் வேலை இல்லை. குறைந்தாலும் ஆலை நடக்கும்படி இன்றே ஏற்பாடு செய்வதுதான் அவர் வேலை. அது கடைசிவரை குறையவே இல்லை என்றாலும் இந்த ஏற்பாட்டால் யாருக்கும் நட்டமில்லை. லாபம் கூடுதலாக வரும், அவ்வளவே.

பஞ்சு பொம்மை இந்த ஏற்பாட்டுக்கு இயல்பாகவே இடம் கொடுக்கும் பொருள். பிளாஸ்டிக் பொம்மைக்கு முதலில் அச்சு வேண்டும். அதற்கான செலவை ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி பொம்மை விற்றுத்தான் மீட்க முடியும். பஞ்சு பொம்மைக்கு வேண்டியது ஒரு பேட்டர்ன், நல்ல கட்டிங் மாஸ்டர், தைக்கும் கைகள். காலையில் வரைந்த உருவத்துக்கு மறுநாள் சாம்பிள் தயாராகிவிடும். ஐம்பது பொம்மை மட்டும் வேண்டும் என்பவருக்கும் செய்து கொடுக்கலாம். இரண்டாவது, இது எடை குறைந்து இடம் நிறைய அடைக்கும் சரக்கு. அழுத்திக் கட்டினால் பொம்மையின் உருவம் கெடும். கட்டாமல் ஏற்றினால் கப்பல் பெட்டியில் பாதிக் காசு காற்றுக்குப் போகும். விற்கும் ஊருக்கு அருகில் செய்பவருக்கு இந்த இரண்டும் சாதகம். உலகின் பழைய பெயர் ஒன்று இதைத் தன் அனுபவத்தில் கண்டுகொண்டது. ஜெர்மனியின் கீங்கன் ஊரில், இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மார்கரெட்டே ஷ்டைஃப் 1880-இல் துணியால் தைத்த யானையிலிருந்து தொடங்கியது ஷ்டைஃப் நிறுவனம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலி மலிவு என்று தன் உற்பத்தியில் ஒரு பகுதியைச் சீனாவுக்கு அனுப்பியது. 2008-இல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. தரம் நிலையாக இல்லை, பழகிய தையல்காரர்கள் வேறு ஆலைகளுக்குப் போய்விடுகிறார்கள், சரக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது என்பவையே காரணங்கள். கூலி ஒன்றை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு கடைசியில் கூடிவரவில்லை.

இந்தச் சாதகங்களைக் காசாக்க வேண்டுமானால் முதலில் வேண்டியது நம்பகம். கைக்குழந்தை பொம்மையைப் பார்ப்பதில்லை, கடிக்கிறது. அதனால்தான் ஐஎஸ் 9873 என்ற இந்தியத் தரம் இவ்வளவு கறாராக எழுதப்பட்டிருக்கிறது. அதன் முதல் பகுதி பொறிமுறைப் பாதுகாப்பைச் சொல்கிறது: கண்ணைப் பிடித்து இழுத்தால் பிடுங்கி வருமா, தையல் விட்டுப் பஞ்சு வெளியே வருமா, கழன்று விழும் துண்டு 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சோதனை உருளைக்குள் அடங்குமா? அடங்கினால் அது மூன்று வயதுக்குக் கீழான குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது. இரண்டாம் பகுதி தீப்பற்றும் தன்மையைச் சோதிக்கிறது. மூன்றாம் பகுதி ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கசிகின்றன என்று அளக்கிறது. சாயத்துணியிலும் கண்ணின் பூச்சிலும் அந்த ஆபத்து இருக்கலாம். இவற்றோடு, உடைந்த ஊசிமுனை பொம்மைக்குள் தங்கிவிடாதபடி நீடில் டிடெக்டர் வழியாக ஒவ்வொன்றையும் செலுத்துவது நல்ல ஆலைகளின் வழக்கம்.

சிறு ஆலைக்கு இதெல்லாம் தாங்காத செலவு என்பது இரண்டாவது மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. உரிமக் கட்டணம், சோதனைக் கூடம், ஒவ்வொரு மாதிரிக்கும் சோதனை என்று செலவு ஏறுகிறது. அதைக் கண்டுதான் குறு நிறுவனங்களுக்குச் சொந்தச் சோதனைக் கூடம் வைப்பதில், முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் சலுகையும் கொடுத்தது. ஆனால் இந்தச் செலவைக் குறைக்கும் சரியான வழி சோதனையைக் குறைப்பது ஆகாது. மாதிரிகளைக் குறைக்க வேண்டும். இருநூறு வகை பொம்மை வைத்திருப்பவர் அதில் எத்தனை உண்மையில் விற்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். முப்பது வகை, ஒரே வகைக் கண், ஒரே தரப் பஞ்சு, சோதித்துத் தேறிய நான்கைந்து துணிகள் என்று சுருக்கினால் சோதனைச் செலவும் குறையும், தவறும் குறையும். அக்கம்பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுச் சோதனைக் கூடம் வைத்துக்கொள்ள பொம்மசந்திரா, ஜிகணி போன்ற அடர்ந்த தொழிற்பேட்டைகளைவிட வசதியான இடம் ஏது? சாலையோரத்தில் வாங்குபவர் முத்திரையைப் பார்ப்பதில்லையே என்பார்கள். பார்க்காதவரிடம் விலையால் மட்டுமே போட்டியிட முடியும். அந்தப் போட்டியில் நாம் என்றும் வெல்லப்போவதில்லை. பிறந்த குழந்தைக்கு வாங்கும் பெற்றோர், பள்ளி, மருத்துவமனை, பெரிய கடை ஆகியோர் பார்க்கிறார்கள். நம் முதல் சந்தை அவர்கள்.

இரண்டாவது மூலதனம் தையல் கைகள். பெங்களூரு இந்தியாவின் பெரிய ஆயத்த ஆடை நகரங்களில் ஒன்று. அதன் இயந்திரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் யார் என்பதை நாடு 2016 ஏப்ரலில் பார்த்தது. வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டை எதிர்த்து, பொம்மனஹள்ளிப் பக்கம் இதே ஓசூர் சாலையில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். இரண்டே நாளில் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. சேமித்த சில ஆயிரம் ரூபாய்க்கு அவர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று யோசிக்காத முதலாளி, ஆள் நிற்பதில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. வளைந்த தையலைச் சுருக்கமில்லாமல் எடுக்கவும், இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் உட்காரவும், பஞ்சு கட்டி தட்டாமல் நிரம்பவும் பல மாதப் பழக்கம் வேண்டும். பழகிய பெண் ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டால் அந்த மாதங்கள் அத்தனையும் ஆலையின் நட்டம். வெறும் பீஸ் ரேட்டில் இதைத் தடுக்க முடியாது. நிலையான மாதச் சம்பளம், குழந்தைக் காப்பகம், ஒழுங்கான வைப்பு நிதி, தையலிலிருந்து சாம்பிள் பிரிவுக்கும் தரச் சோதனைக்கும் உயரும் வழி ஆகியவை திட்டத்தின் நலப் பிரிவில் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டியவை என்று நான் கருதவில்லை. உற்பத்திப் பிரிவில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

பெங்களூரில் இடமும் கூலியும் கட்டாது, கொப்பளுக்குப் போங்கள் என்பது மூன்றாவது மறுப்பு. கொப்பள் மாவட்டம் பானாபூரில் 400 ஏக்கர் பொம்மைத் தொழில் வளாகத்துக்கு 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெலகாவியின் ஏக்வஸ் நிறுவனம் அதை முன்னெடுக்கிறது. பெரும் அளவில், அச்சு வார்த்து ஏற்றுமதிக்குச் செய்பவருக்கு அது பொருத்தமான இடம். பஞ்சு பொம்மைக்காரருக்கு முழுதாக இடம்பெயர்வதைவிட வேலையைப் பிரிப்பதே உகந்தது. வடிவமைப்பு, வெட்டு, பஞ்சடைப்பு, சோதனை, அனுப்புதல் ஆகியவை பொம்மசந்திராவில் இருக்கட்டும். தையல் ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஓசூர் வட்டாரக் கிராமங்களின் சிறு கூடங்களுக்குப் போகட்டும். 2023 ஜூன் முதல் கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்தது. வடிவமைப்பாளர் நகரிலிருந்து வரலாம், பஞ்சடைப்பவர் கிராமத்திலிருந்து வரலாம் என்ற நிலை இப்போதுதான் உருவாகியிருக்கிறது. கிராமத்துப் பெண்கள் நுணுக்கமான வேலை செய்வார்களா என்று ஐயப்படுபவர்கள் ஆரோவில்லைப் பார்க்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உபாசனா என்ற வடிவமைப்பு அமைப்பு மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மிச்சத் துணியில் சுனாமிகா என்ற சின்னஞ்சிறு பொம்மையைச் செய்யவைத்தது. அதற்குமுன் இந்த வேலையில் பழக்கமே இல்லாத கைகள் செய்த அந்தப் பொம்மை உலகின் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூலப்பொருளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. உள்ளே அடைக்கும் ரெக்ரான் வகைப் பஞ்சு நம் நாட்டிலேயே கிடைக்கிறது. நல்ல ஃபர் துணிக்கு இன்னும் பெரிதும் சீனாவையே நம்பியிருக்கிறோம். முடிந்த பொம்மைக்கு வரிச் சுவர் எழுப்பிவிட்டு அதன் தோலை அதே கடையில் வாங்குவது அரைத் தற்சார்பு. ஃபர் துணியை உடனே விட்டுவிட முடியாது. ஆனால் கைக்குழந்தைகளுக்கான வரிசையைப் பருத்திப் பின்னல் துணியில் செய்யலாம். தேசிய நெடுஞ்சாலை 44-இல் சேலம் வரை இறங்கி மேற்கே திரும்பினால் திருப்பூர். உலகத்துக்குக் குழந்தை உடுப்பு தைக்கும் ஊரின் துணி, குழந்தை கடிக்கும் பொம்மைக்கும் ஏற்றது. கொழும்பில் பார்பரா சன்சோனி தொடங்கிய பேர்ஃபுட் நிறுவனம் கைத்தறித் துணியிலேயே வண்ண வண்ணப் பொம்மைகள் செய்து பெயர் வாங்கியிருக்கிறது. ஃபர் இல்லாவிட்டால் பொம்மை விற்காது என்ற எண்ணத்துக்கு அது நேரடிப் பதில்.

மூன்றாவதும் முடிவானதும் உருவம். தையலை எவரும் கற்கலாம், சோதனையில் எவரும் தேறலாம். ஒரு குழந்தை பெயர் சொல்லிக் கேட்கும் உருவத்தை மட்டும் மற்றவர் மலிவாகச் செய்து வெல்ல முடியாது. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1902-இல் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்த செய்தியிலிருந்து டெடி பிறந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அது விற்கிறது. 2025-இல் உலகமே தேடிய லபுபு பொம்மையைச் சீன நிறுவனம் ஒன்று விற்றது என்றாலும், அதன் விலையைத் தீர்மானித்தது சீனக் கூலி இல்லை, ஓர் ஓவியரின் கற்பனை. சீனாவே மலிவிலிருந்து உருவத்துக்கு நகரும்போது நாம் மலிவைத் துரத்துவது காலம் கடந்த வேலை. நம் கடைகளில் பாண்டாவும் துருவக் கரடியும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தரோஜியில் சரணாலயம் பெற்ற நம் தேன்கரடி எங்கே? கரூர், திண்டுக்கல் காடுகளில் 2022-இல் தனிச் சரணாலயம் பெற்ற தேவாங்கின் பெரிய கண்களைவிட பொம்மைக்கு ஏற்ற முகம் உண்டா? பொம்மசந்திராவுக்கு அருகிலேயே பன்னேர்கட்டா இருக்கிறது. அங்கே யானையைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கு அந்தக் காட்டின் யானையை யார் செய்து கொடுக்கிறார்கள்?

புது உருவம் சூதாட்டம், டிஸ்னியிடமோ சோட்டா பீமிடமோ உரிமம் வாங்குவது பாதுகாப்பு என்பது நான்காவது மறுப்பு. உரிமம் வாங்குவது தவறில்லை. ஆலையின் நாள்களை நிரப்ப அது உதவும். ஆனால் உரிமத் தொகை கட்டி வளர்க்கும் உருவம் ஒப்பந்தம் முடிந்த நாளில் உரியவருடன் போய்விடும். சொந்த உருவம் மட்டும் கிடைத்தால் போதாது என்பதும் உண்மை. 2022-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடின் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' சில வாரங்களில் தமிழ்நாடு முழுவதும் பழகிய முகமானது. கதை தொடராததால் அந்த முகமும் போட்டியோடு நின்றுவிட்டது. எனவே உருவத்தோடு கதையும் வேண்டும்: படப் புத்தகம், பள்ளிப் பாடல், உயிரியல் பூங்காக்களோடு கூட்டு. காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பொம்மை வடிவமைப்பு தனிப் பாடமாக இருக்கிறது. பெங்களூரிலேயே தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு இளம் வடிவமைப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஓர் இறக்குமதி இயந்திரத்தின் விலையைவிடக் குறைவு.

ஏற்றுமதிதானே பெரிய வழி என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். நொய்டாவில் 1990-இல் தொடங்கிய ஹனுங் டாய்ஸ் இந்தியாவின் மிகப் பெரிய பஞ்சு பொம்மை ஏற்றுமதியாளராக உயர்ந்தது. ஐகியாவுக்குச் சரக்கு கொடுத்தது. 2006-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. வீட்டு அலங்காரத் துணிகளில் பெரும் கடனோடு விரிந்து, கடைசியில் அந்தச் சுமையில் விழுந்தது. பொம்மை செய்யத் தெரியாமல் அது விழவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலின் ஆழத்தைவிட விரிவை நம்பியதில் விழுந்தது. இன்னொன்று, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதம் வரை உயர்த்தியது. நம் வரிச் சுவரே நமக்குச் சொந்தமில்லை என்றால் அவர்களுடைய கதவு நமக்குச் சொந்தமாகுமா? ஏற்றுமதி செய்யலாம், ஒரே நாட்டையும் ஒரே வாங்குபவரையும் நம்பிச் செய்யக் கூடாது.

இவ்வளவையும் ஒரு திட்டமாகச் சொல்வதானால் இப்படி அமையும். முதல் ஆண்டில் வகைகளைக் குறைத்து, ஒவ்வொன்றும் 20 சதவீத வரியிலும் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். தாங்காதவற்றுக்குப் புது முதலீடு போடக் கூடாது; இன்று அவை தரும் லாபத்தை அடுத்த வேலைகளுக்குத் திருப்ப வேண்டும். இரண்டாம் ஆண்டில் பொதுச் சோதனைக் கூடம், மாதச் சம்பள முறை, கிராமத் தையல் கூடங்கள். மூன்றாம் ஆண்டில் பருத்தி வரிசையும் முதல் சொந்த உருவங்களும். நான்கு, ஐந்தாம் ஆண்டுகளில் வரியின் துணை இல்லாமல் நிற்கும் பொம்மைகளின் பங்கு விற்பனையில் பாதியைத் தாண்ட வேண்டும். இந்த ஒரே அளவுகோலை ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்தால் போதும், ஆலை முன்னேறுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அரசிடம் கேட்க வேண்டியதையும் இதே நோக்கில் கேட்போம். இன்னும் உயர்ந்த வரி வேண்டும் என்ற மனுவை நிறுத்திவிட்டு, சோதனைச் செலவில் பங்கு கொடுங்கள், வடிவமைப்புக்கு மானியம் கொடுங்கள், தொழிற்பேட்டையில் குழந்தைக் காப்பகம் கட்டிக் கொடுங்கள் என்று கேட்போம். கொடுக்கும் அரசு மாறினாலும் இவை நம்மிடம் தங்கும். 2020-இல் கிடைத்த அவகாசத்தில் பல ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. மீதமுள்ளதை லாபமாக மட்டும் எடுத்துச் செலவழிப்பவர்கள் வரி குறையும் நாளில் அரசைக் குறை சொல்வார்கள். அதைத் திறமையாக மாற்றி வைத்தவர்கள் அன்றும் ஆலையைத் திறந்து வேலை நடத்துவார்கள். இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.